களிம்பு

தீபாவளிக்கு முந்திய நாள் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவது அந்த வீட்டில் பேரனின் வேலை. படிவம் இரண்டில் படிக்கும் அவன் அதில் கைதேர்ந்தவன். ஆகவே, பள்ளிக் கண்காட்சிக்குப் பழம்பொருள்களைக் கொண்டுவரும்படி வரலாற்று ஆசிரியர் சொன்னபோது, தாத்தாவின் மைலோ டின்னில் கிடந்த பதின்மூன்று செப்புக் காசுகளை என்ன செய்ய வேண்டும் என்று அவன் யோசிக்கவே இல்லை.

அவை வட்டமான காசுகள் அல்ல. முனை மழுங்கிய சதுரங்கள். போருக்கு முன் மலாயாவில் புழங்கிய ஒரு காசு நாணயங்கள். ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் மலாயாவின் பெயரும் ஆண்டும். ஆனால், மண்ணும் பச்சைக் களிம்பும் மன்னரை மூடியிருந்தன.

இரண்டு காசுகளை எடுத்தான். புளியும் உப்பும் சேர்த்து நன்றாகத் தேய்த்தான். பத்தே நிமிடத்தில் அவை பளபளத்தன. ஓடிப்போய்த் தாத்தாவின் உள்ளங்கையில் வைத்தான்.

தாத்தா வெகுநேரம் பார்த்தார். விரலால் தடவினார். “எங்கம்மா இதைக் கடைசிவரைக்கும் கழுவவே இல்லை, ஐயா” என்றார். அவர் கோபித்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்று மாலைதான் அந்தக் காசுகளின் கதையை அவன் முழுதாகக் கேட்டான். ஜப்பானியர் ஆட்சியின்போது, சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். 1943இல் தாத்தாவின் தந்தையும் போனார். தாத்தா அப்போது கைக்குழந்தை. புறப்படும்போது மடியிலிருந்த பழைய காசுகளை அவர் மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மையார் அவற்றைத் துணியில் முடிந்து, ஒரு டின்னில் போட்டு, லயத்து வீட்டின் பின்புறம் புதைத்து வைத்தார்.

1945இல் போர் முடிந்தது. வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டுகள் வெறும் தாளாயின. பழைய காசுக்கு மீண்டும் மதிப்பு வந்தது. வறுமை வாட்டிய காலம் அது. ஆனாலும், அவர் தோண்டவில்லை. “அவர் வந்து எடுக்கட்டும்” என்பாராம். பல ஆண்டுகளுக்குப் பிறகு, குடும்பம் தோட்டத்தை விட்டு வெளியேறிய நாளில்தான் காசுகள் மண்ணிலிருந்து வெளியே வந்தன. அதற்குள் அந்தப் பழைய டின் துருப்பிடித்து உதிர்ந்திருந்தது.

மறுநாள் பேரன் அறிவியல் ஆசிரியையிடம் காசுகளைக் காட்டினான். “அழுக்கு வேறு, களிம்பு வேறு” என்றார் அவர். மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் வெளியிலிருந்து வந்து ஒட்டியவை. களிம்போ காசின் செம்பே காற்றோடும் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மாறியது. புளியிலுள்ள அமிலம் அதைக் கரைத்துவிடும். கரைந்த செம்பு திரும்பி வராது. குத்துவிளக்கு கனமானது, தாங்கிக்கொள்ளும். காசின் எழுத்தும் உருவமும் மயிரிழை உயரமே உள்ளவை. கழுவிய காசுகளில் மன்னரின் மூக்கும் காதும் மழுங்கிப்போயிருந்தன.

செம்பில் களிம்பு உடன்பிறந்தது என்று சைவ சித்தாந்தம் உவமை சொல்லும். அங்கே களிம்பு நீங்க வேண்டியது. பழைய காசில் மட்டும் கதை வேறு.

மீதியிருந்த பதினொன்றையும் ஆசிரியை கண்ணாடிக் கிண்ணத்தில், காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போடச் சொன்னார். முதல் நாள் நீர் தேநீர் நிறமானது. பேரன் தினமும் நீரை மாற்றினான். இளகிய மண்ணை மட்டும் மூங்கில் பல்குச்சியால், உருப்பெருக்கியின் கீழ், மெல்ல மெல்ல நெம்பி எடுத்தான். கடினமான பச்சைப் படலம் வந்ததும் கையை நிறுத்தினான். நிறுத்துவதுதான் அவனுக்குக் கடினமாக இருந்தது. ஒரு காசில் மட்டும் வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தது. உப்பு ஊறிய காசு அது. ஈரம் பட்டால் அரிப்பு உள்ளே தொடரும். அதை நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு தனிப் பெட்டியில் வைத்தான்.

மூன்றாம் வாரம், ஒரு காசின் மண் விலகியபோது, பச்சைப் படலத்தின்மேல் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கோடுகள் தெரிந்தன. கீறல் என்றுதான் முதலில் நினைத்தான். கீறல் அவ்வளவு சீராக இருக்காதே! துணி மக்கிப் போயிருந்தாலும், அதன் நெசவு களிம்பில் அப்படியே பதிந்திருந்தது.

தாத்தா உருப்பெருக்கியைக் கண்ணருகே பிடித்தார். கை நடுங்கியது. “எங்கம்மா சேலைதான்” என்றார்.

கண்காட்சி மேசையில் பதின்மூன்று காசுகளும் வரிசையாக இருந்தன. பளபளத்த இரண்டையும் ஒளித்து வைக்க அவனுக்கு மனம் வரவில்லை. அவற்றின்கீழ் ஓர் அட்டையில் எழுதி வைத்தான்: “இவற்றைப் புளி போட்டுத் தேய்த்தவன் நான். இவற்றிலும் நெசவு இருந்திருக்கலாம்.”