பட்டினி கிடக்கும் செல்கள்

இன்குபேட்டர் கதவைத் திறந்ததும் உள்கண்ணாடியில் ஆவி படர்ந்தது. உள்ளே 37 டிகிரி வெப்பம், 5 சதவீதம் கார்பன் டையாக்சைடு. ஆக்சிஜன் மட்டும் வெளிக்காற்றில் உள்ளது போலவே. நம் திசுக்களில் பெரும்பாலானவை இதில் பாதியைக்கூடப் பார்ப்பதில்லை.

ஆய்வு மாணவி இரண்டு குடுவைகளை மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் காட்டினார். எல்1210 என்ற எலி ரத்தப்புற்று செல்கள். முதல் குடுவையில் உருண்டு திரண்டு பளபளத்தன. இரண்டாவதில் சுருங்கிக் கருத்து, ஓரம் பிய்ந்து கிடந்தன. இரண்டிலும் அதே இளஞ்சிவப்பு வளர்ப்பு மீடியம்தான். முதலாவதில் 50 மைக்ரோமோலார் மெர்காப்டோஎத்தனால் கூடுதல். அதன் புட்டியை ஃப்யூம் ஹுட்டுக்குள் திறந்தும் அழுகல் நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"ஆன்டிஆக்ஸிடன்ட் போட்டதால பிழைச்சிடுச்சு, அப்படித்தானே?" என்றேன்.

"அதைவிட முக்கியம், பட்டினி கிடந்ததுக்குச் சோறு கிடைச்சதுதான் சார்."

புரதம் கட்டவும் குளூட்டாதயோன் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் செய்யவும் செல்லுக்கு சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் வேண்டும். மீடியத்தில் கரைந்துள்ள ஆக்சிஜனோ, சிஸ்டீனை இரண்டிரண்டாகக் கந்தகத்தால் பிணைத்து சிஸ்டினாக்கிவிடுகிறது. பல செல்கள் எக்ஸ்சிடி என்ற வாசல் வழியே ஒரு குளூட்டமேட்டை வெளியே தள்ளி, ஒரு சிஸ்டினை உள்ளே இழுத்துக்கொள்ளும். எல்1210 செல்களுக்கு அந்த வழி சரியாக வாய்க்கவில்லை. சுற்றிலும் சிஸ்டின் இருந்தும் உள்ளே சிஸ்டீன் வறண்டுபோகிறது.

மெர்காப்டோஎத்தனால் சிஸ்டினைப் பிளந்து, ஒரு பாதியோடு தானே ஒட்டிக்கொள்கிறது. அந்த ஜோடியை லியூசின் நுழையும் வாசல் உள்ளே விட்டுவிடுகிறது. உள்ளே சிஸ்டீன் கழன்றதும் மெர்காப்டோஎத்தனால் வெளியேறி அடுத்ததைச் சுமக்கிறது. ஜப்பானின் ஷிரோ பன்னாய் குழுவினர் 1981-இல் இதே செல்களில் இதைக் காட்டினார்கள். அந்த எளிமை எனக்கு இன்னமும் வியப்புதான்.

மீடியம் புட்டிகளை அலுமினியத் தாளில் சுற்றி வைத்திருந்தார்கள். வெளிச்சம் பட்டால் மீடியத்திலுள்ள ரிபோஃபிளேவின் தூண்டிவிட, டிரிப்டோபேன் சிதைகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடும் உருவாகிறது.

அடுத்த மேசையில் வைட்டமின் சி சோதனை. பெயர்பெற்ற ஆன்டிஆக்ஸிடன்ட், ஆனால் பல மீடியங்களில் ஊற்றினால் அதுவே ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடைத் தருகிறது. 'வைட்டமின் சி புற்றுசெல்லைக் கொன்றது' என்று பரிசோதனைத் தட்டை வைத்துச் சொல்லும் செய்திகளை அதனால்தான் நான் அப்படியே நம்புவதில்லை. மாணவி பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி கலந்த தட்டு ஒன்றையும் பக்கத்திலேயே வைத்திருந்தார். அதில் செல்கள் பிழைத்தால், கொன்றது பெராக்சைடு என்று எழுதிக்கொள்வார்.