மூன்று கட்டைக்குக் கீழே

நான்கு தந்தி பேஸ் கிட்டார் மூன்று கட்டைச் சுருதியோடு நின்றுவிடும். அடியில் இருக்கிற ஈ தந்தியைச் சும்மா தட்டினால் வருவது மூன்று கட்டை ஷட்ஜம். அதற்குக் கீழே இறங்க வழியில்லை. ஆய்க்குடி, தென்காசி, செங்கோட்டை பக்கம் கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் வாசிக்கிறவர்களுக்கு இது ஏட்டுக் கணக்கு அல்ல. மேடையில் ஏறின பிறகுதான் பாடகர் திரும்பிப் பார்ப்பார். "அண்ணே, தொண்டை கட்டிருக்கு, ஒரு கட்டை இறக்கிக்கிடுவோமா?" கீபோர்டுக்காரர் டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தடவை அமுக்கிவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுவார். மூன்று கட்டைப் பாட்டு இரண்டு கட்டைக்கு வந்துவிட்டால், பேஸில் அடி ஷட்ஜமே கைக்கு எட்டாது. ஒரு ஸ்தாயி மேலே தூக்கி வாசிக்க வேண்டும். பல்லவி முடிகிற இடத்தில் இறங்கி உட்கார வேண்டிய சுரம் அந்தரத்தில் நிற்கும்.

ஐந்தாவது தந்தியான பி-யை நான் வைத்திருப்பது முக்கியமாக இந்த ஒரு காரணத்துக்காகத்தான். இரண்டு கட்டை, ஒன்றரை, ஒன்று என எங்கே இறக்கினாலும் ஷட்ஜம் காலடியில் இருக்கும்.

ஐந்தாவது தந்தி வந்த கதையும் வேடிக்கையானது. 1965-இல் ஃபெண்டர் கம்பெனி ஐந்து தந்தி பேஸ் ஒன்றை விற்பனைக்கு விட்டபோது, கூடுதல் தந்தியை மேல்பக்கம்தான் சேர்த்தது. அது எடுபடவில்லை. கீழே போக ஆசைப்பட்டவர் பேஸ் கலைஞர் ஆந்தனி ஜாக்சன். 1970-களின் நடுவில் கார்ல் தாம்சன் அவருக்காகச் செய்துகொடுத்த ஆறு தந்தி வாத்தியத்தில் அடியில் பி இருந்தது. கீழே இறங்கும் ஆசை நம் ஊருக்கும் புதிதில்லை. நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை சிறிய திமிரியை விட்டுவிட்டு நீளமான பாரி நாயனத்தை எடுத்தார். அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் எங்கள் நெல்லைச் சீமைக்காரர்தான். நாயனத்தை இறக்கியதைக் கனமாயிருக்கிறது என்று கொண்டாடினார்கள்.

ஆனால் நாயனத்துக்கு ஸ்பீக்கர் தேவையில்லை, பேஸுக்குத் தேவை. பி தந்தியின் அதிர்வு நொடிக்கு 31 தடவைக்குக் கொஞ்சம் குறைவு. ஈ தந்திக்கு 41. கொடை மேடையில் வைக்கிற 15 அங்குல ஸ்பீக்கர்கள் 50-க்குக் கீழேயே தளர ஆரம்பித்துவிடும். தெருவுக்குத் தெரு கட்டியிருக்கும் கூம்புக் குழாயைப் பற்றிப் பேசவே வேண்டாம், அதில் 300-க்குக் கீழ் ஏறக்குறைய ஒன்றும் வராது. ஆனாலும் தெருமுனையில் நிற்கிறவருக்குப் பேஸ் கேட்கிறது. 31-இன் மடங்குகளாக 62, 93, 124 என்று 300-ஐயும் தாண்டி மேலே கிளம்பும் இழைகளை வைத்துக் காது அடிச் சுரத்தைத் தானே கட்டிக்கொள்கிறது. அதனால்தான் பி தந்திக்கு நான் பழைய கம்பி போடுவதில்லை. கம்பி மங்கினால் முதலில் போவது அந்த மேல் இழைகள்தான்; மிஞ்சுவது வெறும் 'பொத்' சத்தம். குற்றாலச் சாரல் காலத்தில் காற்றிலேயே ஈரம் இருக்கும், வேர்வை வேறு. கம்பி சீக்கிரம் மங்கிவிடும்.

சவுண்ட் சர்வீஸ்காரரிடம் போய் "பேஸை இன்னும் கூட்டுங்க" என்று கேட்பதில் பயனில்லை. 31-ஐக் கூட்டினால் ஆம்ப் திணறும், கிக் டிரம் மூழ்கும், கேட்கிறவருக்கு ஒன்றும் கூடாது. 100-க்குப் பக்கத்தில் கொஞ்சம் ஏற்றினால் போதும்.

பி தந்தியில் அதிக வேலை அதை வாசிப்பதல்ல, அடக்குவதுதான். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தடிமன். ஆனாலும் இழுவிசை ஈ தந்தியைவிடக் குறைவு, தொளதொளவென்றுதான் இருக்கும். பக்கத்தில் கிக் விழுந்தாலே தானாக முனக ஆரம்பித்துவிடும். ஈ தந்தியில் வாசிக்கும்போது வலது கைக் கட்டைவிரல் பி மேல் படுத்திருக்க வேண்டும். ஏ-க்குப் போனால் கட்டைவிரலும் கூடவே நகர்ந்து ஈ-யைத் தொட வேண்டும். விரலின் பக்கவாட்டுச் சதை பி-யை விடக்கூடாது. நான்கு தந்தியில் பழகியவர்கள் கட்டைவிரலைப் பிக்கப் மேல் ஊன்றியே வாசித்திருப்பார்கள். அந்தப் பழக்கம் போக மாதக்கணக்கில் ஆகும். பி-யின் ஐந்தாவது பிரெட்டில் கிடைப்பதும் சும்மா தட்டிய ஈ-யும் ஒரே சுரம்தான், குணம் வேறு: முன்னது தடித்துக் கொஞ்சம் கலங்கியிருக்கும், பின்னது மணிபோல் இருக்கும். கை நகராமல் வாசிக்கலாம் என்ற சௌகரியத்துக்காக ஐந்தாவது பிரெட்டிலேயே குடியிருப்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

1980-களின் இளையராஜா பாடல்களுக்கு, சுருதி இறங்காத வரை, நான் பி பக்கமே போவதில்லை. சசிதரன் வாசித்த அந்த பேஸ் வரிகள் மேலே ஏறி, பாட்டோடு பேசிவிட்டு இறங்குகிறவை. அவற்றின் அடிவாரம் ஈ தந்திதான். அதற்குக் கீழே ஒரு சுரத்தைச் சொந்தமாகத் திணித்தால் கூட்டத்தில் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தப் பாட்டுகளை பேஸோடு சேர்த்தே மனப்பாடம் செய்தவர்கள் எந்த ஊரிலும் உண்டு. 1992-இல் 'ரோஜா' வந்த பிறகு சின்த் பேஸ் பரவிய பாட்டுகள் வேறு ஜாதி. அங்கே பி இல்லாவிட்டால் கை கட்டினதுபோல் இருக்கும்.

அங்கேயும் ஒரு இடைஞ்சல் கீபோர்டுக்காரரின் இடது கை. நான் ஒரு கட்டை ஷட்ஜத்துக்கு இறங்கும் நேரத்தில் அவரும் அடியில் கார்டு பிடித்தால் இரண்டும் சேர்ந்து களியாகிவிடும். "தம்பி, இந்தப் பாட்டுக்கு இடது கையை எடுத்துருங்க" என்று முன்கூட்டியே சொல்லிவைப்பேன். பல்லவி முழுக்க எடுத்துவைத்திருப்பார். இரண்டாவது சரணத்துக்குள் கை தானாகத் திரும்பி வந்திருக்கும்.