ஒரு துண்டா, இரண்டு துண்டா?

டெக்சாஸில் என் பக்கத்து வீட்டுக்காரரிடம் 1969 செவ்ரோலே சி-10 பிக்கப் ஒன்று இருக்கிறது. நீளப் பெட்டி வைத்த வண்டி. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 127 அங்குலம். ஸ்பிரிங்கை மாற்றித் தரையோடு தரையாக இறக்கிவிட்டார். அழகுதான். அதற்குப் பிறகு 60 மைலில் வண்டி அதிரத் தொடங்கியது; அப்போதுதான் கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கடத்தும் டிரைவ் ஷாஃப்ட் பற்றிய பேச்சே வந்தது.

வண்டியை இறக்கினால் பின் அச்சு இருந்த உயரத்திலேயே இருக்கும். சேஸிஸும் கியர்பாக்ஸும்தான் கீழே வரும். பின்னோக்கிச் சரிந்திருந்த ஷாஃப்ட் மட்டமாகும், சேஸிஸின் குறுக்குச் சட்டத்தோடு இடைவெளியும் குறையும்.

நண்பர்கள், "ஒரே துண்டாகப் போட்டுவிடு, சென்டர் பேரிங் தொல்லை விட்டது" என்றார்கள். இரண்டு துண்டு ஷாஃப்ட்டை நடுவில் தாங்கும் அந்தப் பேரிங்கின் ரப்பர் நைந்துபோவது நிஜம்தான். ஆனால் நீளம் இருமடங்கானால் குழாய் வளைந்து ஆடத் தொடங்கும் வேகம் கால்வாசியாகிவிடும். 28 அங்குல டயரும் 3.73 கியரும் இருந்தால், மணிக்கு 70 மைலில் ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுமார் 3100 முறை சுற்றுகிறது; குழாய் ஆடத் தொடங்கும் வேகம் அதைவிட நன்றாக மேலே இருக்க வேண்டும். பருத்த குழாய் போட்டுச் சமாளிக்கலாமே என்றால், ஏற்கெனவே குறைந்த இடைவெளியை அது இன்னும் தின்னும். நீளப் பெட்டிக்கு இரண்டு துண்டுதான் என்பது என் கட்சி.

எத்தனை துண்டு என்பதைவிடக் கோணம் முக்கியம். ஷாஃப்ட்டின் முனையிலுள்ள யூ ஜாயின்ட் சாய்வாக ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடிக் குறையும். எதிர்முனை ஜாயின்ட்டும் அதே அளவு சாய்ந்திருந்தால் அது ஈடுகட்டிவிடும். கோணமே இல்லாவிட்டால் நல்லதுதானே என்று நினைக்கத் தோன்றும். அதுவும் கூடாது, ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுத்திக் குழி போட்டுவிடும்.

வண்டியைச் சாய்தளத்தில் ஏற்றி, எடை முழுதும் சக்கரத்தில் நிற்க, பின் அச்சில் ஷாஃப்ட் வந்து சேரும் பினியன் யோக்கில் கோணமானியை வைத்தோம். (லிஃப்டில் அச்சு தொங்கும்போது அளக்கிறவர்களும் உண்டு, அந்த அளவு எதற்கும் உதவாது.) கியர்பாக்ஸ் 3 டிகிரி பின்சரிவு, பினியன் முன்பக்கம் 6 டிகிரி மேல்நோக்கி. அச்சுக்கும் அதைத் தாங்கும் கைகளுக்கும் நடுவே ஆப்புத் தகடு செருகி, பக்கத்து வீட்டுக்காரர் பினியனையும் 3-க்குக் கொண்டுவந்தார். 60 மைலில் வந்த அதிர்வு போய்விட்டது.

இப்போது இன்னும் 2 அங்குலம் இறக்கலாமா என்று கேட்கிறார். முதலில் சென்டர் பேரிங்குக்கு உயரம் மாற்றக்கூடிய பிராக்கெட் வாங்குங்கள் என்றேன்.