துளி மருந்தும் அகத்தாய்வும்

கோவை ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டுக் காபிக் கடைகளில் தியானம் பேசும் இளைஞர்களிடம் இப்போது 'மைக்ரோடோசிங்' என்ற சொல்லும் புழங்குகிறது. எல்.எஸ்.டி. போதைமருந்தையோ சிலோசைபின் உள்ள போதைக் காளானையோ வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டு தியானத்தில் அமர்ந்தால் உள்ளம் திறக்கும் என்பது நம்பிக்கை.

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் 2021-இல் 191 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். தான் விழுங்கும் கேப்சூலில் மருந்து உண்டா, வெறும் கூடா என்பது விழுங்குபவருக்கே தெரியாது. வாரங்கள் கழித்து, மருந்து எடுத்தவர்களின் மனநலமும் விழிப்புணர்வும் மேம்பட்டிருந்தன. வெறும் கேப்சூல் விழுங்கியவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு! எதிர்பார்ப்பே பெரும்பாலான வேலையைச் செய்திருக்கிறது.

வேதியியலாளர் ஆல்பர்ட் ஹாஃப்மன் காளானிலிருந்து சிலோசைபினைப் பிரித்தெடுத்தது 1958-இல். அதே ஆண்டில்தான் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். பொள்ளாச்சியை அடுத்த ஆழியாறு அறிவுத் திருக்கோயிலில் இன்றும் அவரது மனவளக்கலை கற்பிக்கப்படுகிறது. தவத்தோடு அகத்தாய்வும் அதில் உண்டு: எண்ணம் ஆராய்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல். தன்னை அறிய விரும்பும் பிள்ளைகள் முதலில் போகவேண்டிய இடம் அதுதான்.

இந்தியாவில் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி எல்.எஸ்.டி.யையும் சிலோசைபினையும் வைத்திருப்பதே குற்றம். இவற்றைப் பற்றிய வெளிநாட்டு மருத்துவ ஆய்வுகளில் குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருந்தவர்களைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை. கொடைக்கானலில் காளான் விற்பவர் அதைக் கேட்பதில்லை.