முனைக்கு மேற்கே

வெள்ளி, கன்னியாகுமரி

விடியுமுன்பே கடற்கரைச் சுவர் நிரம்பிவிட்டது. சூரியன் மேகத்துக்குள்ளேயே எழுந்து மேலே போனது. அதற்காக யாரும் செல்போனைக் கீழே இறக்கவில்லை. பிறகு படகுக்கு வரிசை. விவேகானந்தர் மண்டபம் 1970இல் வந்தது, 133 அடி வள்ளுவர் 2000ஆம் ஆண்டின் முதல் நாளில். இரண்டையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் முடிவில் திறந்தது. முன்பெல்லாம் நீர்மட்டம் தாழ்ந்தால் சிலைக்குப் படகு விடமாட்டார்கள். இப்போது பாறையிலிருந்து நடந்தே போய்விடலாம். நல்ல வசதிதான்.

உச்சிவெயிலுக்குள் சுற்றுலா வேன்கள் கிளம்பிவிடுகின்றன. பாசிமணி, சங்கு, பொட்டலத்தில் வண்ணமணல். குமரியைப் பார்த்தாயிற்று! முனையை மட்டும் பார்த்துவிட்டு மாவட்டத்தைப் பார்த்ததாகச் சொல்லும் இந்த வழக்கத்தோடுதான் எனக்குச் சண்டை.

சனி, முட்டம்

மேற்கே கடலோரமாகவே வந்தேன். மணக்குடியில் பழையாறு கடலைத் தொடும் பொழி. அதைத் தாண்டினால் தென்னை, தேவாலயம், மீன்வலை, மறுபடியும் தென்னை. சொத்தவிளையில் மணல் நீளமாகக் கிடக்கிறது, சங்குத்துறையில் கூட்டம் குறைவு. எனக்கு முட்டம்தான். செம்மண் மேடு, கலங்கரை விளக்கம், கீழே அலை மோதும் பாறைகள். ‘அலைகள் ஓய்வதில்லை’ 1981இல் வந்தபோது தமிழ்நாடே இந்தப் பாறைகளைப் பார்த்தது. படத்தில் தெரியாதது காற்று. நின்று பேச விடாது.

மதியம் ஓலைக்கூரைக் கடையொன்றில் சாப்பாடு. வேகவைத்துத் தேங்காய் சேர்த்து மசித்த மரச்சீனிக் கிழங்கு, மாங்காய் போட்ட சாளைக் கறி, பொரித்த நெத்தோலி. பரிமாறிய அம்மா, “கெழங்கு ஆறிப்போச்சுன்னா ருசிக்காது மக்களே, சட்டுன்னு தின்னுங்க” என்றார். சோறு வேண்டுமா என்று கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. தேங்காய் அரைத்த மீன்கறிக்குக் கிழங்கைவிடப் பொருத்தமான துணை கிடையாது என்பது என் முடிவு. அயிலை கிடைக்கும் நாளில் அதையும் கேளுங்கள். நெய்மீன் எல்லா ஊரிலும் கிடைக்கும். சாளையை இங்கே சாப்பிட வேண்டும்.

குளிக்க ஆசைப்பட்டதும் ஆட்டோக்காரர் தடுத்துவிட்டார். “இங்க எறங்கப்பிடாது சார். பாக்க அமைதியாத்தான் இருக்கும்.” அவர் சொன்னதில் மிகையில்லை. எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலைகள், இங்கே காற்றே இல்லாத நாளிலும் திடீரென்று கரையேறும். மீனவர்கள் கள்ளக்கடல் என்பது இதைத்தான். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் இறந்தது கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்த நாளில்.

ஞாயிறு, தக்கலை

வழியில் மணவாளக்குறிச்சி. கடற்கரை மணல் கருப்பும் சிவப்புமாகக் கோடுகோடாகக் கிடக்கிறது: இல்மனைட், கார்னெட், மோனசைட். ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் 1909இல் இங்கே மோனசைட்டைக் கண்டறிந்தார். இன்று மணலைப் பிரிக்கும் மத்திய அரசு ஆலை இங்கே இயங்குகிறது. முனையில் கன்னித்தெய்வத்தின் கல்யாண அரிசி என்று கதை சொல்லி விற்கும் வண்ணமணல் இந்தக் கனிமங்கள்தான்.

அடுத்தது குளச்சல். 1741இல் டச்சுக் கம்பெனிப் படை திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற இடம். பிடிபட்ட டச்சு அதிகாரி டி லனாய் பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி தந்தார். அவர் கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பத்மநாபபுரம் அரண்மனை. நிலம் தமிழ்நாட்டில், நிர்வாகம் கேரள அரசிடம். 1956 எல்லைப் பிரிப்பு விட்டுச்சென்ற விசித்திரம். மரமும் ஓடுமாகக் கட்டிய அந்தக் கட்டடத்தில் வெளியே கொளுத்தும் வெயில் உள்ளே தெரிவதே இல்லை. தரை கண்ணாடிபோலக் கறுத்துப் பளபளக்கிறது. சிரட்டைக்கரியும் முட்டை வெள்ளையும் சேர்த்துப் பூசியது என்கிறார்கள். அரைமணி நேரத்தில் ஓடிவிடுகிற கூட்டத்தைப் பார்த்தால் ஆத்திரமாக வருகிறது.

திங்கள், திற்பரப்பு

கடலிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் ரப்பர் தோட்டங்கள் வந்துவிடுகின்றன. மாத்தூரில் பறளியாற்றின் குறுக்கே 115 அடி உயரத்தில் தொட்டிப்பாலம். ஆற்றுக்கு மேலே இன்னொரு நீர் போகிறது. உயரம் என்றால் கால் கூசுபவர்கள் படியிறங்கிக் கீழிருந்தே பார்க்கலாம், அந்தக் கோணம்தான் அழகும்கூட. திற்பரப்பு அருவியில் கூட்டம், எண்ணெய், சோப்பு நுரை. பக்கத்திலேயே மகாதேவர் கோயில் இருக்கிறது. சிவராத்திரிக்குப் பன்னிரண்டு சிவாலயங்களை ஓடியே தரிசிப்பவர்கள் “கோபாலா, கோவிந்தா” என்று கூவிக்கொண்டு வந்து சேரும் கோயில்களில் இதுவும் ஒன்று. சிவனிடம் ஓடும்போது விஷ்ணுவின் பெயர்!

திரும்பும்போது தெருவோரக் கடையில் ஒரு சீப்பு மட்டிப்பழம். விரல் நீளம்தான், மணம் பை முழுக்க. 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. இரண்டாம் நாளே தோல் கறுக்கும் என்றார் கடைக்காரர். ஊருக்குக் கொண்டுபோக நினைக்காமல் அங்கேயே தின்றுவிட வேண்டும். கொண்டுபோவதற்கு முந்திரிக்கொத்து இருக்கிறது.

செவ்வாய், நாகர்கோவில்

புறப்படும் நாள். போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் இங்கே கொட்டும்; டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரிவரை வானம் தெளிவு, ஜனவரி நடுவரை முனையில் ஐயப்ப பக்தர் கூட்டம். திங்கட்கிழமை அரண்மனை கிடையாது. கடலில் கால் நனைப்பதோடு நிறுத்துங்கள். அறையை முனையில் போடாமல் நாகர்கோவிலில் போடுங்கள்: கடல், மலை, அரண்மனை எல்லாவற்றுக்கும் பஸ் இங்கிருந்துதான்.