மைக்குக்கும் கரண்ட் வேணும்

'வோக்கி' என்ற சொல்லை எங்கட வீடுகளில் இன்னமும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்லுவினம். அதனால், சிநேகிதன் ஒருவனின் தகப்பனுடைய படகிலிருந்து வி.எச்.எஃப் செற்றின் கைமைக்கைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்ததும் அவனுடைய அம்மா கேட்ட முதல் கேள்வி, "உதுக்கு லைசன்ஸ் இருக்கோ?" இருக்கு. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பத்திரத்தைக் காட்டின பிறகும் அவர் யன்னலைச் சாத்திவிட்டுத்தான் இருந்தார்.

செற்றில் மற்றப் படகுகளின் கதை எல்லாம் கேட்கும். இவர் கதைத்தால் ஒருவருக்கும் கேளாது. கைபேசிக்குச் சிக்னல் இல்லாத தூரத்தில் எஞ்சின் நின்றால் என்ன செய்வது? புது மைக் வாங்குகிற விலையைக் கேட்டுவிட்டு, அப்படியே மூன்று கிழமை கடலுக்குப் போய் வந்திருக்கிறார்.

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு உது என்னத்துக்கு என்று கேட்பீங்கள். மைக்கைத் திறக்க ஒரு ஸ்க்ரூட்ரைவர் போதும். உள்ளே சேட்டுப் பொத்தான் அளவில் ஒரு எலெக்ரெட் மைக், உப்புப் பிடித்துப் பச்சையாகிக் கிடந்தது. 1962 இல் பெல் ஆய்வுகூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லரும், ஜேம்ஸ் வெஸ்ற் என்ற கறுப்பின அமெரிக்கரும் உருவாக்கிய வகை. அதற்குள் இருக்கிற மெல்லிய படலத்தில் மின்னேற்றம் நிரந்தரமாகவே நிற்கும். ஆனால் படலம் அதிர்வதால் வருகிற சமிக்ஞை மிகவும் நொய்தானது. அதை வெளியே கொண்டுவர உள்ளேயே ஒரு சின்னத் திரான்சிற்றர் வைத்திருக்கிறார்கள். அதற்கு மின் வேண்டும். செற்றே ஒரு தடையியினூடாக அந்த மின்னை அனுப்புகிறது, குரல் திரும்பி வருவதும் அதே வயரில்தான். போக மின், வர குரல். எங்களுக்கு இதுதான் பெரிய அதிசயமாக இருந்தது.

எல்லாச் செற்றும் இப்படி மின் குடுக்காது. ஆகவே முதல் நாளே படகில் வைத்து, அன்ரனா பூட்டியபடி, வலுவை 1 வாற்றுக்குக் குறைத்து, பேசுகிற பொத்தானை அழுத்தி மல்ரிமீற்றரால் பார்த்தோம். ஐந்து வோல்ற்றுக்குக் கிட்ட இருந்தது. இல்லையென்றால் ஒரு பற்றரியும், 2.2 கிலோஓம் தடையியும், நேர்மின் செற்றுக்குள் போகாமல் மறிக்க ஒரு கொள்ளளவியும் நாங்களே போடவேண்டி வந்திருக்கும்.

புது மைக்கின் இரண்டு முனையும் ஒன்றல்ல. பின்பக்கத்தைக் கவனித்துப் பார்த்தால் ஒரு முனையிலிருந்து உலோகக் கூட்டுக்குச் சின்னக் கோடுகள் ஓடும். அதுதான் நிலம். கண் பிடிக்காமல் நாங்கள் குனிந்துகொண்டிருக்க, அம்மா வந்து கைபேசி வெளிச்சத்தைப் பிடித்தார். "பற்றரிக்குத் தடை போட்ட காலத்தில சைக்கிள் டைனமோவிலதான் றேடியோ கேட்டனாங்கள். பெடல் சுத்தினது நான், செய்தி கேட்டது அப்பா. வயர் பிடுங்குப்பட்டா நான்தான் முடிச்சுப் போடுறது" என்றார். அன்றிரவு அவர் சொன்ன கதைகள் தனியே எழுத வேண்டியவை.

ஈயம் ஒட்டும்போது சூட்டுக்கோலை இரண்டு செக்கனுக்கு மேல் வைக்கக்கூடாது, உள்ளே படலம் கெட்டுவிடும். செற்று அனுப்புகிற அலையை மைக்கே வாங்கி இரையாமலிருக்க, இரண்டு முனைக்கும் குறுக்கே 100 பிக்கோஃபரட் கொள்ளளவி ஒன்றும் வைத்தோம்.

சனல் 16 ஆபத்துக்கும் அழைப்புக்கும் உரியது, அங்கே சோதிக்கக்கூடாது. வேறு சனலில் பக்கத்துப் படகுக்காரரைக் கூப்பிட்டார். "கேக்குது, கேக்குது. உன்ர குரலை விட எஞ்சின்தான் கூடக் கேக்குது, மைக்கை வாய்க்குக் கிட்டப் பிடி" என்று பதில் வந்தது. அவர் பிறகு பத்து நிமிசம் சும்மா கதைத்துக்கொண்டே இருந்தார், மீன் விலை, கல்யாணவீடு, எல்லாம்.

கூட்டின் விளிம்புக்கு சிலிக்கன் பூசினோம். உப்பு எப்படியும் உள்ளே வரும். வாங்கினதில் மிஞ்சின இரண்டு மைக்கையும் பொலித்தீனில் சுற்றி, எது நிலம் என்று சிவப்புப் பேனையால் குறித்து, படகிலேயே வைத்திருக்கிறார்.