பேசாலைக் கரையில் ஒரு நண்டோடு

மதவாச்சியில் பிரிந்து வடமேற்கு நோக்கிச் செல்லும் புகைவண்டிப் பாதை, மன்னார்த் தீவின் கடைக்கோடியாகிய தலைமன்னார் இறங்குதுறையில் முடிகிறது. அங்கிருந்து தனுஷ்கோடிக்குச் சென்ற கப்பலை 1964ஆம் ஆண்டுப் புயல் நிறுத்தியது. 1990இல் யுத்தம் புகைவண்டியையும் நிறுத்தியது. 2015இலேதான் வண்டி மீண்டும் கடலோரம் வரை வந்தது. அந்த வண்டியில், விடுமுறைக்கு வந்திருந்த என் தமக்கையின் மகனை அழைத்துக்கொண்டு பேசாலையில் இறங்கினேன். பையனுக்கு வயது பதினைந்து. உயிர்ச்சுவடு ஒன்றைத் தேடி எடுத்தே தீருவதென்று, பஞ்சு வைத்த பிஸ்கட் பெட்டியொன்றையும் கையோடு கொண்டுவந்திருந்தான்.

மன்னார்த் தீவு பெரும்பாலும் மணல். அம்மணலின் அடியிலும், தெற்கே கரையோரமாகவும் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக்கல் உண்டு. வேலண்ட், டேவிஸ் என்னும் இருவர் இலங்கையின் மயோசீன் பாறைகளைப் பற்றி 1923இலேயே விரிவாக எழுதியிருக்கின்றனர். ஆயினும் கரையில் நடந்து திரிபவனுக்கு அகப்படுவன சிப்பியும் சங்குமே. இரண்டு மணி நேரம் வெயிலில் அலைந்த பின்னர் பையன் கண்டெடுத்தது ஒரு நண்டு. முழு நண்டு: கால்கள், கொடுக்குகள், கண்கள் யாவும் இருந்தன. ஆனால் கையில் எடுத்தபோது காகிதம் போலக் கனமில்லாதிருந்தது.

வலையிலிருந்து நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் சிரித்தார். “தம்பி, அது செத்த நண்டில்லை. சட்டையைக் கழட்டிப் போட்டிட்டு நண்டு போயிட்டுது. பின்பக்கத்தைத் திறந்து பாருங்கோ.”

திறந்து பார்த்தோம். பின்புறம் வெடித்திருந்தது, உள்ளே வெறுமை. நண்டு வளரும்போது பழைய ஓட்டினை விட்டு வெளியேறுகிறது. கண்ணின் மேலுறை, இரைப்பையின் உட்படலம், பூ என்று நாம் வழங்கும் சுவாச உறுப்பின் மெல்லிய உறை ஆகிய அனைத்தையுமே அது கழற்றி விடுகிறது!

கணுக்காலிகளின் உயிர்ச்சுவடுகளை ஆராய்வோரின் பெருந்தொல்லையும் இதுவே. நூதனசாலைகளில் நாம் வியந்து நோக்கும் திரைலோபைற்றுகளில் மிகப் பல, இவ்வாறு கழற்றப்பட்ட சட்டைகளே. உயிரோடிருந்த பிராணி அங்கில்லை. தசை, நரம்பு, குடல் ஆகியன சில நாட்களில் அழுகிவிடும். எஞ்சியதை மற்றைய நண்டுகளும் பறவைகளும் தின்றுவிடும். காற்றும் அலையும் புகுந்து விளையாடும் மன்னார் மணலில் அவை தங்குவதற்கு வழியே இல்லை.

எங்கோ சில இடங்களிலே அவை தங்கியிருக்கின்றன. இங்கிலாந்தின் ஹெரஃபோட்சயரில் 42.5 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் எரிமலைச் சாம்பல் கடலடியில் படிந்து சிற்றுயிர்களை மூடிற்று. உடல் அழிந்த வெற்றிடத்தைக் கல்சைற்றுக் கனியம் நிரப்பி, அச்சு வார்த்தாற்போல் உருவைக் காத்தது. டேவிட் சிவெற்றர் என்பவரும் அவருடைய தோழர்களும் 2003இல் அங்கிருந்து ஒஸ்திரக்கோட் ஒன்றை வெளியிட்டனர். ஒஸ்திரக்கோட் என்பது இரட்டை ஓட்டுக்குள் வாழும், இறாலின் தூரத்து உறவான சிற்றுயிர். ஏறக்குறைய ஐந்து மில்லிமீற்றர் நீளமுள்ள அந்தப் பிராணியின் கண், கால்கள், பூ எல்லாம் புலப்பட்டன. ஓட்டை மட்டும் பார்த்திருந்தால் அதனை வேறு கூட்டத்தில் சேர்த்திருப்பார்கள். உள்ளுடலோ இன்று வாழும் ஒரு குடும்பத்தோடு நெருங்கி ஒத்திருந்தது. ஓட்டை நம்பி எழுதிய வகைப்பாடுகள் பலவற்றின் மீது அன்று ஐயம் விழுந்தது.

ஒஸ்திரக்கோட் மன்னாருக்குப் புதியதன்று. முத்துச்சிப்பி ஏன் சில ஆண்டுகளில் மறைந்துபோகிறது என்று ஆராய, 1902இல் லிவர்பூல் பேராசிரியர் ஹேட்மன் இக்கடலுக்கு வந்தார். ஜேம்ஸ் ஹோர்னல் அவருக்கு உதவியாக இருந்தார். 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்த அவ்வறிக்கையில், அன்று சேகரித்த ஒஸ்திரக்கோட்டுகளை அன்ட்ரூ ஸ்கொற் என்பவர் தனியே விவரித்திருக்கிறார். முத்துக்காக வந்தவர்கள் கண்ணுக்கெட்டாத பூச்சிகளையும் எண்ணிவைத்தது நமக்குப் பெரும் பேறு.

இரவு தங்கிய வீட்டு முற்றத்தில் இவற்றையெல்லாம் பையனுக்குச் சொன்னேன். கல்லுக்குள் இருப்பதை எப்படி வெளியே எடுத்தார்கள் என்று கேட்டான். எடுக்கவில்லை, மிக மெல்லிய படலமாகக் கல்லைத் தேய்த்துத் தேய்த்து, ஒவ்வொரு படலத்தையும் படம் பிடித்துக் கணினியில் அடுக்கினார்கள் என்றேன்.

“அப்படியானால் அந்தப் பிராணி?”

“தேய்ந்து போயிற்று. படம் இருக்கிறது.”

அவனுக்கு அது பிடிக்கவில்லை. 42.5 கோடி ஆண்டுகள் காத்திருந்ததை ஒரு நாளில் பொடியாக்குவதா என்று வாதாடினான். எனக்கும் திருப்தியான விடை இல்லை. குஜராத்தின் வஸ்தான் சுரங்கத்தில் கிடைத்த, ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுப் பழமையான அம்பரைச் சொல்லி அவனைத் தேற்றினேன். நம் வீடுகளில் புகைக்கும் குங்கிலியத்தைத் தரும் மரக் குடும்பத்தின் பிசினே அது. அதைத் திரவத்தில் கரைத்து, உள்ளே சிக்கிய பூச்சிகளை முழு உடலாகவே வெளியே எடுக்க முடிந்ததென்று 2010இல் அறிவித்தனர்.

“தசை கல்லாவதற்கு எவ்வளவு காலம் செல்லும், மாமா?”

இறந்த இறால்களைப் பரிசோதனைச் சாலையில் கடல்நீரில் அழுகவிட்டுப் பார்த்தவர்கள் உண்டு. காற்றுப் புகாத நிலையில் சில வாரங்களிலேயே தசையின் ஒரு பகுதியைக் கல்சியம் பொஸ்பேற்று பற்றிக்கொண்டதைக் கண்டனர். கல்லாவதற்குக் கோடி ஆண்டு வேண்டியதில்லை. அழுகலை முந்திக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

மறுநாட் காலை பையனைக் காணவில்லை. கடற்கரைக்குச் சென்று பார்த்தால், அந்த மூதாட்டியிடம் செத்த நண்டொன்றைக் கேட்டு வாங்கி, ஊறுகாய்ப் போத்தலில் கடற்சேற்றோடு இட்டு மூடிக்கொண்டிருந்தான். காசு கொடுத்தேன், அவர் வாங்க மறுத்துவிட்டார். “கல்லானால் எனக்கும் ஒருக்கால் கொண்டுவந்து காட்டுங்கோ,” என்றார்.

போத்தல் இப்பொழுது எங்கள் வீட்டுக் கிணற்றடியில் இருக்கிறது. மூடியைத் திறக்கக் கூடாதென்று என் தமக்கை கண்டிப்பான கட்டளையிட்டிருக்கிறாள். பையன் மட்டும் ஞாயிறுதோறும் அதனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொள்கிறான்.